சீசனுக்கு விட்ட வீடு

மண்ணுக்குள்ளும் குளிருமோ என்று இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் மகள், தன் அம்மா அருளம்மாளுக்கு எழுதுவது,

நீ போன பிறகு இதுதான் முதல் சீசன். செண்பகனூர் வளைவில் பஸ்கள் திணறித் திணறி ஏறுகிற சத்தம் காலையிலிருந்தே கேட்கிறது. பேரிமரம் காய் பிடித்துவிட்டது. உன் கோழிகளை அடுத்த வீட்டு மரியா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு அதுகளையும் பார்க்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

போன செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். யாரென்று சொன்னால் நீ எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடுவாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அதற்குப் போக முடியவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு இத்தனை வருடம் பேசாமல் விட்ட ஒரு சங்கதி இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுகிறேன். இதை வேறு யாராவது படிக்கவும் கூடும், அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

இந்த வீடு அப்பா கட்டியது. கொத்தனார் சவரிமுத்து என்றால் அந்தக் காலத்தில் ஏரியைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த கையால், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் இந்தச் சரிவு நிலத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து கல் கல்லாக அடுக்கினார். அவர்கள் வீட்டில் என்னென்ன இருந்ததோ எல்லாம் நம் வீட்டிலும் இருக்க வேண்டும் அவருக்கு. கண்ணாடிச் சன்னல், மரத்தளம், முன்னறையில் குளிர்காயக் கணப்படுப்பு. நீ கல் சுமந்தாய். நான் மணல் சலித்தேன். கட்டி முடித்துக் கொஞ்ச காலம்தான் அவர் அதில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி முன்னறைக்கு அடுத்த அறைக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் நமக்கு என்ன வழி இருந்தது? என்னை மதுரையில் டீச்சர் டிரெயினிங் சேர்க்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் குறைந்து, சித்திரை வைகாசியில் மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மேலே வர ஆரம்பித்திருந்தன. சீசனுக்கு வீடு வாடகைக்குக் கேட்டு பஸ் ஸ்டாண்டில் அலைந்தார்கள். நாம் பின்னால் விறகுக் கொட்டகையில் இருந்துகொண்டால் முன்வீட்டை விடலாமே என்று உனக்குத் தோன்றியது.

முதலில் வந்த குடும்பத்தை நான் மறக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள். அறை அறையாகப் பார்த்தார்கள், எல்லாம் பிடித்திருந்தது. வீடு யாருடையது என்று கேட்டார்கள். நீ சந்தோஷமாக, "எங்களதுதாங்க, எங்க வீட்டுக்காரர் கட்டுனது" என்றாய். அடுத்த கேள்வியாக நாம் யார், என்ன ஆட்கள் என்று கேட்டார்கள். அதற்கும் உண்மையையே சொன்னாய். நீ கொடுத்த தண்ணீரை அந்த அம்மாள் சன்னல் திண்டில் அப்படியே வைத்துவிட்டு, வேறு வீடும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனாள். வரவில்லை.

வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அன்று சாயங்காலம் வந்து, ஒளிவுமறைவில்லாமல் உனக்கு விளக்கினார். "அக்கா, உள்ளூர் ஆளு வீடுன்னா சாதி கேக்குறாக. வெள்ளக்காரன் வீடுன்னா யாரும் கேக்குறதில்ல. தொரசாணி வீடுன்னு சொல்லிப்புடு. அவுக சீமைக்குப் போயிருக்காக, நீ காவலுக்கு இருக்கேன்னு சொல்லு. இங்கன பாதி வீடு அப்படித்தான கெடக்கு?"

நீ அன்று சாப்பிடவில்லை. மறுவாரம் சுவரில் இருந்த அப்பாவின் போட்டோவையும் மாதா படத்தையும் இறக்கி, துணியில் சுற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனாய். அப்படித்தான் ஒரு தொரசாணி பிறந்தாள். மிஸ் எல்லன் என்று நீயே பெயர் வைத்தாய்.

வந்தவர்களெல்லாம் அவளைப் பற்றித்தான் கேட்டார்கள். நீயும் சொன்னாய். ஒல்லியாக, உயரமாக இருப்பாள், பிளம்ஸ் பழத்தில் ஜாம் காய்ச்சுவாள், கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னிக்கொண்டிருப்பாள் என்றெல்லாம். உனக்கு அத்தனை கற்பனை எங்கிருந்து வந்தது, அம்மா? லீவுக்கு வந்த நான் விறகை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அடுத்தவர் முன்னால் நீ சிரித்துச் சிரித்துச் சொல்வாய். கொட்டகைக்குள் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொள்வாய்.

மதுரையிலிருந்து அந்த ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மா வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு தடவை வந்தவர் அடுத்தடுத்த சீசனும் நம் வீடுதான் வேண்டுமென்று வந்தார். அவரைப் பற்றி நாம் குறை சொல்ல முடியாது. சமையலுக்குக் கூடவே ஆள் கொண்டுவருவார், அடுப்படிப் பக்கம் உன்னை விடமாட்டார், அது ஒன்று. மற்றபடி உன்னை அருளு என்றும் என்னை ஜெயம் என்றும் வாய் நிறையக் கூப்பிடுவார். எனக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு ஒரு புதுச் சேலை கொண்டுவந்து கொடுத்தார்.

ஒருநாள் அவருடைய நாத்தனார் பார்க்க வந்திருந்தபோது, அப்பா படுத்திருந்த கட்டிலைக் காட்டி, "தொரசாணி படுத்த கட்டில் இது, மெத்துன்னு இருக்கு பாரு" என்று பெருமையாகச் சொன்னார். நீ சன்னலுக்கு வெளியே ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். தண்ணீர் நின்றது. பிறகு மறுபடி ஊற்றினாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருடம்தான் வத்தலக்குண்டிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தபாலாபீசில் வேலை, அவருடைய அப்பா மாதா கோயில் உபதேசியார். நம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் வீடு நம்முடையது என்று தெரியும், சீசன்காரர்களுக்குத்தான் தெரியாது. அதனால் தரகு பேசியவர், பெண்ணுக்குச் சொந்தமாகக் கல்வீடு இருக்கிறது என்று அங்கே சொல்லியிருந்தார். பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். சீசன் கழியட்டும் என்று நீ இரண்டு தடவை சொல்லியனுப்பியும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. வைகாசியிலேயே நாள் குறித்துவிட்டார்கள்.

கொட்டகையில் வைத்துப் பெண் காட்ட முடியுமா? விறகு வாசனையும் புகையும், நிமிர்ந்தால் தலை இடிக்கிற கூரையும்! நீ போய், முன்வீட்டில் இருந்த அந்த மதுரை அம்மாவிடம் கேட்டாய். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு சோலிங்கம்மா," என்று ஆரம்பித்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். "ஜெயத்தப் பொண்ணு பாக்க வர்றாக. ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் முன்னறைய விட்டீங்கன்னா... வெரசா முடிச்சிட்டு, கூட்டித் தொடச்சு விட்ருவேன்."

அப்பா கட்டிய அறையை, நீ கல் சுமந்து எழும்பிய அறையை, ஒரு சாயங்காலத்துக்குக் கடன் கேட்டாய். எனக்கு அந்த இடத்திலேயே தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போல இருந்தது. அவரோ சிரித்துவிட்டார். இதற்குப் போய் ஏன் இப்படித் தயங்குகிறாய், தொரசாணி என்ன பார்த்துக்கொண்டா இருக்கிறாள் என்றார். தாராளமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்றைக்கு அவரே எனக்குத் தலை பின்னிவிட்டார். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டார். வேண்டாமென்று நீ சொன்னபோது, என் மகளாக இருந்தால் போடமாட்டேனா என்றார். அந்தச் சங்கிலி கழுத்தில் கிடந்த நேரம் முழுவதும் எனக்குச் சுட்டது. அவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் செய்தார் என்பதுதான் இன்றுவரை என்னை வதைக்கிறது. கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் நாம் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அவர்கள் வந்தார்கள். உபதேசியார், அவர் மனைவி, மாப்பிள்ளை. வந்தவர்களை வரவேற்றது மதுரை அம்மாதான். வீட்டுக்கு உரியவர் போல நடுவில் இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நீ காப்பித் தட்டோடு கதவருகே நின்றாய். உபதேசியார் கணப்பின் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் கட்டியதாமே, நல்ல வேலைக்காரர் என்று உன்னைப் பார்த்துச் சொன்னார். ஒரே பெண், வீடு நாளைக்கு அதுக்குத்தானே என்றும் சொன்னார்.

நீ பதில் சொல்வதற்குள் மதுரை அம்மா குறுக்கே வந்துவிட்டார்.

"இவ வீட்டுக்காரரு கொத்தனாருதான். கட்டியிருப்பாரு. ஆனா வீடு தொரசாணியோடதுங்க. இவங்க பின்னால கொட்டகையில இருக்காங்க. ஏழைங்கதான், ஆனா தங்கமான மனுசங்க. நம்பிப் பொண்ணு எடுக்கலாம்."

நமக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார், அம்மா. நான் குனிந்த தலையை எடுக்கவில்லை. உபதேசியார் மனைவி தன் கணவரைப் பார்த்தது மட்டும் கண்ணோரத்தில் தெரிந்தது. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். வீடு என்னுடையது என்று சொன்னால் மதுரை அம்மா போய்விடுவார், அவரோடு இனிமேல் வரப்போகிற சீசன்களும் போய்விடும். தொரசாணி வீடு என்று சொன்னால் சம்பந்தம் போய்விடும். அந்த ஒரு நிமிஷத்தில் நீ என்னென்ன நினைத்தாய்? கேட்கவேண்டும் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன்.

"காப்பி ஆறிப் போகுது, எடுத்துக்கங்க," என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அவர்கள் காப்பியைக் குடித்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். கேட் வரைக்கும் நீ அவர்கள் பின்னால் ஓடினாய், நானும் கொட்டகைப் பக்கமாய் வந்து நின்றேன். வீடு நமதுதான், சத்தியமாக நமதுதான், பத்திரம் மேலே பரணில் இருக்கிறது, பார்க்கலாம் என்று நீ தணிந்த குரலில் சொன்னாய். அப்படியென்றால் உள்ளே ஏன் சொல்லவில்லை என்று உபதேசியார் கேட்டார். குடியிருக்கிறவர்கள் காதில் விழச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணத்தையும் தட்டுத்தடுமாறிச் சொன்னாய்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். "நாங்களும் அதே ஆளுகதாம்மா," என்றார். "எங்களுக்கும் எல்லாம் தெரியும். ஆனா புருசன் கட்டுன வீட்டயே இல்லன்னு சொல்லிட்டு இருக்கீங்க. நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து, எங்களயும் இல்லன்னு சொல்லமாட்டீங்கன்னு என்னமா நம்புறது?"

நீ கும்பிட்ட கையோடு நின்றாய். அவர்கள் வளைவு திரும்பி இறங்கிப் போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால் சரி. நீ அறையைக் கூட்டிக் கொடுக்கப் போனாய், நான் சங்கிலியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். நம் முகத்தைப் பார்த்ததும் மதுரை அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு உன்னைக் கூப்பிட்டு உட்காரவைக்காமலேயே புத்தி சொன்னார். அடுத்தவர் வீட்டை நம் வீடு என்று சொல்லிச் சம்பந்தம் பேசலாமா, பொய் எத்தனை நாளைக்கு நிற்கும், உன்னை இப்படி நினைக்கவில்லை அருளு, என்றார்.

"ஆமாங்கம்மா, தப்புதான். இனி சொல்ல மாட்டேன்," என்றாய்.

நீ சொன்ன உண்மைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் உயிரோடு இருந்தேன்.

சீசன் முடிந்து அவர்கள் கிளம்பிய காலையில் நீ என்ன செய்யப்போகிறாய் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. பெட்டி படுக்கையெல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது. அடுத்த வருடமும் இந்த வீட்டை யாருக்கும் விட்டுவிடாதே என்று அவர் காரில் உட்கார்ந்தபடி சொன்னார். நீ கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாய்.

"வீடு எங்களதுங்கம்மா," என்றாய். "தொரசாணின்னு யாரும் இல்ல. நான்தான் அப்படிச் சொன்னேன். அந்தக் கட்டில்ல படுத்திருந்தது எங்க வீட்டுக்காரரு. அதுலதான் உசுரு போச்சு."

அவர் டிரைவரைப் பார்த்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நீ கதவிலிருந்து கையை எடுத்தாய்.

அன்று மதியமே போட்டோவையும் மாதா படத்தையும் கொண்டுவந்து பழைய இடத்தில் மாட்டினாய். அதன்பிறகு நம் வீட்டுக்குச் சீசன்காரர்கள் யாரும் வரவில்லை. செய்தி மதுரையில் பரவிவிட்டது என்று புரோக்கர் வந்து உன்னைத் திட்டிவிட்டுப் போனார். என் சம்பளம் இருந்தது, நீ கோழி வளர்த்தாய், கவுஞ்சி கிராமத்துக்குப் போய்க் காய் வாங்கிவந்து ரோட்டோரம் கடை போட்டாய். நாம் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பேசிய அந்த அருளம்மாளை நான் மறுபடி பார்க்கவில்லை. நீ முன்னறையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அடுப்படியிலேயே உட்காருவாய், அங்கேயே படுப்பாய். வேறு வரன் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாய். என் கல்யாணம் உன்னால் நின்றது என்று நினைத்தாயா? நான் அப்படி நினைக்கவில்லை என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சாயங்காலத்தைத் தொட எனக்கும் கூச்சமாக இருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வந்தது அவர்தான், அம்மா. மதுரை அம்மா.

ஆள் பாதியாகிவிட்டார். கழுத்தில் ஒன்றுமில்லை, கணவர் போய் இரண்டு மூன்று வருடமாகிறதாம். தனியாக ஒரு டாக்சி பிடித்து வந்து கேட்டருகே நின்றுகொண்டு, அருளு இருக்காளா என்று கேட்டார். நீ மார்கழிக் குளிரில் போய்விட்டாய் என்று சொன்னேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே கூட்டிவந்தேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் நாற்காலியை முந்தானையால் துடைத்தேன். அவர் உட்கார்ந்ததும் நான் கதவருகே போய் நின்றுகொண்டேன், நீ காப்பித் தட்டோடு நின்ற அதே இடத்தில். என்னிடம் படித்த பிள்ளைகள் கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஊரில் எல்லோரும் என்னை டீச்சர் என்கிறார்கள். கால் தானாகப் போய் அங்கே நின்றது.

"உக்காரு ஜெயம்," என்றார். இருக்கட்டும்மா என்றேன். மறுபடி சொன்னார். எனக்கு உட்கார வரவில்லை. வெட்கமாயிருந்தது. அவரும் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன், தரையையே பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

அன்றைக்கு இங்கிருந்து போனதும் என்ன செய்தார் என்று அவராகவே சொன்னார். கொண்டுபோன மெத்தை, போர்வை எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே போடவைத்து, குழந்தை முதற்கொண்டு எல்லோரையும் தலை முழுகவைத்தாராம். "அப்பிடி முழுகிட்டு ஈரத் தலையோட உக்காந்திருந்தப்ப, அருளு மொகம் வந்துச்சு," என்றார். "அவளுக்கு நான் புத்தி சொன்னேன் பாரு, அது வந்துச்சு. இத்தனை வருசமா வந்துக்கிட்டுதான் இருக்கு. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு வந்தேன்."

சொல்ல வேண்டிய ஆள் இல்லை. நான் என்ன சொல்வது? பரவாயில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா, அம்மா? சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். டம்ளரைக் கையில் வாங்கி, அவர் வாய் வைத்துக் குடித்தார். அது பெரிய காரியம் என்று உள்ளுக்குள் ஒன்று பூரித்தது. பூரித்ததற்காகவும் கூசிப்போனேன்.

போகும்போது, இந்தச் சீசனில் வீடு விடுவாயா என்று கேட்டார். இனிமேல் விறகுக் கொட்டகையில் யாரும் இருக்கப்போவதில்லை என்று சொன்னேன். முன்னறையும் பக்கத்து அறையும் எனக்கு. உள்ளறை வேண்டுமானால் தரலாம். அடுப்படி ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு பேரும் அதில்தான் சமைக்க வேண்டும். படங்களை இறக்கமாட்டேன்.

"எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க," என்றார் அவர். "மகனும் மருமகளும் வரமாட்டாங்க. நான் மட்டும் வந்தா விடுவியா?"

விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளனே கிளம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் செய்தது சரிதானா? உன்னிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீயாக இருந்தால் விட்டிருப்பாய் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. வேண்டாம்டி, போதும் என்றிருப்பாய் என்று ஒரு நேரம் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவர் வரும்போது கேட் வரைக்கும் போய்க் கூட்டிவருவேன், வயதானவர், அது மரியாதை. பையை வாங்கி உள்ளே வைப்பேன். அதன்பிறகு அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவேன். உடம்பெல்லாம் கூசும், கால் எழுந்திருக்கப் பார்க்கும். எழுந்திருக்க மாட்டேன், அம்மா. உட்கார்ந்துதான் பேசுவேன்.

கொத்தனார் சவரிமுத்துவுக்கும் உனக்கும் பிறந்த ஒரே பெண்,
ஜெயமணி